நச்சுயிர் ஓம்பல்

மக்கள் தமக்குப் பயன்படும் உயிர்களைப் பேணி வளர்த்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். பாலின் பொருட்டு ஆவினையும், உழவின் பொருட்டு எருதினையும், தேனின் பொருட்டுத் தேனீயினையும் அவர்கள் வளர்த்து வருகின்றனர். காஞ்சிமாநகரின் தறிகளில் ஒளிவீசும் பட்டும் ஒரு சிறு புழுவின் கொடையே. கருநாடக நாட்டுச் சிற்றூர்களில் முசுக்கொட்டை இலையூட்டி வளர்க்கப்படும் அப்புழுவின் நூலே, காஞ்சி நெசவாளர் கைவண்ணத்தால் கரையும் முந்தானையும் ஆகின்றது. இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆயின், உயிரைப் போக்கும் நஞ்சுடைய உயிர்களையும் ஒருவர் பேணி வளர்ப்பரோ என்று வினவினால், மாணவர்களே, நீங்கள் வியப்புறுவீர்கள். வளர்ப்போர் உளர். அதுவும் தொலைவில் மட்டுமன்று. நம் தொண்டைநாட்டுக் கடற்கரையிலேயே உளர். அவர்கள் எதனை வளர்க்கின்றனர், எவ்வாறு வளர்க்கின்றனர், அதனால் உலகிற்கு விளையும் நன்மை யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இருவகை நச்சுயிர்கள்

நச்சுயிர்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. பிற உயிரைக் கடித்தோ கொட்டியோ தம் நஞ்சினை அதன் உடலுள் செலுத்துவன ஒருவகை. பாம்பும் தேளும் குளவியும் இவ்வகையின. தாமாகச் செலுத்தாமல், தம்மைத் தீண்டியவர்க்கும் தின்றவர்க்கும் தீங்கு விளைப்பன மற்றொரு வகை. சிலவகைத் தவளைகளும் தேரைகளும் இவ்வகையின. முன்னது படைக்கலம் ஏந்திய வீரனை ஒக்கும். பின்னது முள்வேலி சூழ்ந்த தோட்டத்தை ஒக்கும். வீரன் தன் வேலை எறிதல் கூடும். வேலியோ தன்மேல் வந்து விழுபவனை மட்டுமே குத்தும். இவ்வேறுபாட்டினை நன்கு மனத்திற் கொண்டால்தான் இவ்வுயிர்களைப் பேணும் முறைகளும் ஏன் வேறுபடுகின்றன என்பது விளங்கும்.

அம்புநஞ்சுத் தவளை

தென்னமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளில் அம்புநஞ்சுத் தவளைகள் என்னும் சிறு தவளைகள் வாழ்கின்றன. இவற்றுள் ஏறத்தாழ இருநூறு இனங்கள் உள்ளன. பல இனங்கள் நம் கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியவை. பெரியவை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். நம் ஏரிக்கரைத் தவளைகள் சேற்றின் நிறத்தோடு ஒன்றி மறைந்து வாழ்கின்றன. இவையோ மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பட்டுச் சேலையின் நிறங்களையெல்லாம் பூண்டு பட்டப்பகலில் உலவுகின்றன. “என்னைத் தீண்டாதே” என்று பகைக்கு அறிவிக்கும் பறையே அந்நிறம்.

இவற்றுள் மிகக் கொடியது கொலம்பியா நாட்டின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் பொன்னிறத் தவளை. அறிவியலார் இதனை ஓர் தனி இனமாக விளக்கி எழுதியது 1978ஆம் ஆண்டில்தான். ஆயின் அக்காட்டில் வாழும் எம்பேரா மக்கள் இதனை வழிவழியாக அறிந்திருந்தனர். அவர்கள் வேட்டைக்குரிய ஊதுகுழல் அம்பின் நுனியை இத்தவளையின் முதுகில் தடவி நஞ்சேற்றுவர். ஒரு தவளையின் தோலில் உள்ள நஞ்சு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவினதே. அச்சிற்றளவே மக்கள் பலரைக் கொல்லப் போதுமானது. இவ்வாறு அம்பிற்கு நஞ்சு தந்தவை மூன்றே இனங்கள். எனினும் குடும்பம் முழுதுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டியுள் ஒரு காடு

இத்தவளைகளை உயிர்க்காட்சிச் சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்த்து வருகின்றனர். வளர்ப்போர் முதலில் செய்ய வேண்டுவது தவளையைத் தேடுதல் அன்று. அதன் காட்டினைச் சிறிதாகச் சமைத்தல். கண்ணாடிப் பெட்டியின் அடியில் நீர் வடியும் பொருட்டுச் சிறுகற்களைப் பரப்பி, அதன்மேல் மண்ணும் பாசியும் இட்டு, அதற்கும் மேல் உலர்ந்த இலைகளைப் படுக்கையாக விரிப்பர். இலைக்கவட்டில் நீர் தேங்கும் செடிகளை நடுவர். காற்றில் ஈரம் குன்றாதபடி நாள்தோறும் நுண்துளிகளாக நீர் தெளிப்பர். குழாய்நீரில் கலந்துள்ள குளோரின் தவளையின் மெல்லிய தோலுக்கு ஆகாது. ஆதலின் அது நீங்கிய நீரையே பயன்படுத்துவர். தவளை தோலாலும் நீர் பருகும், தோலாலும் மூச்சு விடும் என்பதை நினைவிற் கொள்க.

வெம்மை ஏறத்தாழ 22 பாகை முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். 30 பாகையைத் தாண்டி நீடித்தால் பல இனங்கள் மடியும். சித்திரை, வைகாசித் திங்களில் காஞ்சி நகரின் வெயில் 40 பாகையை எட்டுதலை நாம் அறிவோம். இந்நிலத்தில் அத்தவளையை வளர்க்க விரும்புவோர், அதன் அழகை மட்டும் எண்ணி வாங்கிவிடின், அது வளர்த்தல் ஆகாது, வதைத்தலே ஆகும்.

உணவளித்தலும் எளிதன்று. இத்தவளை அசையாத இரையை நாடாது. உயிருள்ள சிற்றுயிர்களையே பாய்ந்து உண்ணும். அதனால் தவளை வளர்ப்போர் முதலில் ஈ வளர்ப்போர் ஆதல் வேண்டும். மசித்த பழத்தையும் நொதியையும் குப்பியில் இட்டு, பறக்கமாட்டாத பழ ஈக்களைப் பெருக்குவர். அவ்வீக்களின்மேல் சுண்ணச்சத்தும் உயிர்ச்சத்தும் கலந்த பொடியைத் தூவி ஊட்டுவர். அப்பொடியின்றி வளரும் தவளையின் எலும்பு வலுவிழந்து வளையும். இவ்வாறு கருத்தோடு பேணப்படும் தவளை பத்தாண்டு காலமும் வாழ்தல் உண்டு.

சிரட்டைத் தொட்டில்

பருவம் வந்த ஆண் தவளை மெல்லெனக் கூவும். பெண் அதனைத் தொடர்ந்து சென்று, வழவழப்பான ஓர் இடத்தில் சில முட்டைகளே இடும். நம் குளத்துத் தவளைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு நீங்கிவிடுகின்றன. இவையோ சிலவற்றையே இட்டு அவற்றைக் காக்கின்றன. முட்டையிடுவதற்கு வளர்ப்போர் அமைத்துத் தரும் இடம் யாது என அறியின் நீங்கள் மகிழ்வீர்கள். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, நுழைவதற்கு ஒரு வாயில் அறுத்து, அதனடியில் ஒரு சிறு கண்ணாடித் தட்டினை வைப்பர். இருளும் ஈரமும் பொருந்திய அக்குடிலே அவற்றின் ஈன்புறம் ஆகின்றது.

பல இனங்களில் முட்டையைக் காத்தல் தந்தையின் கடமை. அது அடிக்கடி வந்து முட்டைகளை ஈரமாக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தலைப்பிரட்டைகள் வெளிவரும். அப்போது தந்தை அவற்றை முதுகில் சுமந்து சென்று, இலைக்கவட்டில் தேங்கிய நீரில் விடும். ஓரினத்தில் தாய் தவளை அந்நீர்நிலைக்கு மீண்டும் மீண்டும் வந்து, கருவுறாத முட்டைகளை இட்டுத் தன் குஞ்சுக்கு உணவாக்கும். வளர்ப்போரும் ஒவ்வொரு தலைப்பிரட்டையையும் தனித்தனிக் கிண்ணத்தில் இடுவர். ஒன்றாக விட்டால் பல இனங்களில் வலியது மெலியதைத் தின்றுவிடும். இரண்டு மூன்று திங்களில் வால் மறைந்து, கால் தோன்றி, சிறு தவளை கரையேறும்.

நஞ்சு எங்கே போயிற்று?

இனிக் கூறப்போவதே இவற்றின் வரலாற்றில் மிக வியப்பானது. அவ்வாறு பெட்டியுள் பிறந்து பழ ஈ உண்டு வளர்ந்த தவளையிடம் நஞ்சு இல்லை. நிறம் மாறவில்லை, உருவம் மாறவில்லை, நஞ்சு மட்டும் இல்லை. காரணம் என்னை? காட்டுத் தவளை தன் நஞ்சினைத் தானே ஆக்குவதில்லை. காட்டில் அது உண்ணும் எறும்பு, சிலந்திப்பேன், சிறு வண்டு ஆகியவற்றிலுள்ள நச்சுப் பொருள்களைத் தன் தோலில் சேமித்து வைக்கின்றது. “தவளை தன் வாயால் கெடும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கூவிக் காட்டிக்கொடுப்பதால் கெடும் என்பது அதன் கருத்து. இத்தவளையோ தன் வாயாலேயே காக்கப்படுகின்றது.

இவ்வுண்மையால் அறிவியலார் ஒருமுறை பெரிதும் இடர்ப்பட்டனர். அமெரிக்க நாட்டு வேதியியலார் ஜான் டேலி என்பார் 1974ஆம் ஆண்டு எக்குவடோர் நாட்டில் கிடைத்த ஒரு சிறு தவளையின் தோலில், வலியடக்கும் ஆற்றல் மிக்க ஒரு பொருளைக் கண்டார். அது மார்பின் என்னும் மருந்தினும் ஏறத்தாழ 200 மடங்கு வலிமையுடையது. மேலும் ஆராய அப்பொருள் போதவில்லை. தவளைகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தனர். அவற்றில் அப்பொருள் சிறிதும் இல்லை. பின்னர்க் கருவிகள் மேம்பட்டு, 1992ஆம் ஆண்டில்தான் அதன் அமைப்பு வெளியிடப்பட்டது. நச்சுத்தன்மை மிகுந்திருந்தமையால் அது அப்படியே மருந்தாகவில்லை. எனினும் வலியடக்கும் புதிய பொருள்களைத் தேடுவதற்கு அது வழிகாட்டிற்று. தவளையைக் காத்தால் மட்டும் போதாது. அது வாழும் காட்டையும், அக்காட்டின் எறும்பையும் காத்தால்தான் அதன் செல்வம் நிலைக்கும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

பெட்டியுள் வளர்த்த தவளைகளால் உலகம் கற்ற மற்றொரு பாடமும் உண்டு. வாசிங்டன் நகரத்து உயிர்க்காட்சிச் சாலையில் நீலநிற அம்புநஞ்சுத் தவளைகள் தோல்நோயுற்று மடிந்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள், 1999ஆம் ஆண்டில், அதுகாறும் அறியப்படாத ஒரு பூஞ்சையைக் கண்டறிந்து பெயரிட்டனர். உலகின் பல பகுதிகளில் தவளையினங்களை அழித்துவந்த பூஞ்சை அதுவே. ஆதலின் ஒரு நாட்டுத் தவளையை மற்றொரு நாட்டுக் குளத்தில் விடுதல் பெருந்தீங்காகும். வளர்க்க இயலாதபோது, “எங்கேனும் போய்ப் பிழைக்கட்டும்” என்று வெளியே விடுதல் இரக்கம் போலத் தோன்றினும் இரக்கம் அன்று.

வடநெம்மேலி

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் சிற்றூர் உள்ளது. 2019ஆம் ஆண்டு வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், இப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. இங்கு ரோமுலசு விட்டேக்கர் முதலியோர் 1976ஆம் ஆண்டில் முதலைப் பண்ணை ஒன்றினை நிறுவினர். அவ்வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் நடைபெறுகின்றது. அச்சங்கம் தோன்றியது 1978ஆம் ஆண்டில்.

இருளர் என்போர் நம் வடதமிழ் மாவட்டங்களில் வாழும் பழங்குடியினர். மாசிமகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் திரண்டு கன்னியம்மனை வழிபடும் இம்மக்களை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். புதரும் வரப்பும் இவர்களுக்கு எழுத்தறிந்தார்க்கு ஏடு போன்றவை. மணலில் பதிந்த மெல்லிய கோட்டைக் கண்டு, சென்றது எப்பாம்பு, அது எவ்வளையுள் உள்ளது என்பதை அறிவர். கையில் ஒரு கடப்பாரையே கருவியாகக் கொண்டு அதனை உயிரோடு பிடிப்பர்.

முற்காலத்தில் இவர்கள் பிடித்த பாம்பு தோலின் பொருட்டுக் கொல்லப்பட்டது. பாம்புத்தோல் கைப்பையாகவும் செருப்பாகவும் பிறநாடுகளுக்குச் சென்றது. 1972ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டில் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சட்டம் நல்லதே. ஆயின் அச்சட்டத்தால் பாம்பு பிழைத்தது. பாம்பினை நம்பிய குடும்பம் வாடிற்று. ஒன்றைக் காக்கப் புகுந்து மற்றொன்றைக் கைவிடுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு விடையாகவே அச்சங்கம் எழுந்தது. பாம்பினைக் கொல்லாமல் அதன் நஞ்சினை மட்டும் பெற்று, மருந்து செய்வோர்க்கு அளிப்பது என்பதே அவ்விடை. கொல்லும் தொழில் செய்தவரின் அதே கைத்திறன் காக்கும் தொழிலுக்கு உரியதாயிற்று.

கலயத்துள் அரவம்

சங்கத்தார் நால்வகைப் பாம்புகளிடமிருந்து நஞ்சு பெறுகின்றனர். அவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்பன. கொடிய நாகத்தை நல்லபாம்பு என்று வழங்குதல் மங்கல வழக்கு என்பதை இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். உடலில் வெண்ணிறக் கட்டுகள் உடையது கட்டுவிரியன். கண்ணாடி பதித்தாற் போன்ற வட்டங்கள் உடையது கண்ணாடிவிரியன். சுருண்டு கிடந்து செதில்களை உராய்ந்து ஓசை எழுப்புவது சுருட்டைவிரியன்.

பிடிக்கப்பட்ட பாம்பு, மணல் பரப்பிய மண்கலயத்தில் இடப்படும். வாயினைத் துணியால் மூடிக் கட்டுவர். மண்கலயம் நம் குடிநீரைக் குளிர்விப்பது போலவே பாம்பிற்கும் குளிர்ச்சி தரும். துணி காற்றினைத் தடுக்காது. உள்ளிருக்கும் இருள் அதன் அச்சத்தைத் தணிக்கும். வளையுள் வாழும் உயிர்க்கு ஏற்ற உறையுள் இதுவே. தவளைக்குக் கண்ணாடிக் காடு. பாம்பிற்குக் கலயத்து இருள். அதனதன் இயல்பறிந்து இடம் தருதலே பேணுதலின் முதற்படி.

வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படும். பயின்றவர் பாம்பின் தலையைப் பற்றி, மெல்லிய தோல் போர்த்த கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதனைக் கடிக்கச் செய்வர். பல் தோலை ஊடுருவ, நஞ்சு துளித்துளியாகக் குவளையுள் வடியும். ஒரு பாம்பிடம் நான்கு முறை நஞ்சு பெற்றபின், அதன் வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவர். அவ்வடையாளம் உள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதனைக் கொள்ளாது விடுவர். பாம்பு சிலமுறை சட்டை உரித்தபின் அவ்வடையாளம் மறைந்து போகும். ஆண்டொன்றுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதனையும் வனத்துறையே வரையறுக்கின்றது.

தவளைக்கும் பாம்பிற்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்குகின்றது. தவளையின் நஞ்சு அது உண்ட உணவில் உள்ளது. அடைத்து வைத்தால் அது வறண்டுவிடும். பாம்பின் நஞ்சு அதன் சுரப்பியிலேயே ஊறுகின்றது. எடுக்க எடுக்க ஊறும் கிணறு போன்றது. ஆயினும் ஊறுகின்றது என்பதற்காக அதனை வாழ்நாள் முழுதும் கலயத்துள் இருத்தி வைக்காமல், நான்கு முறையோடு நிறுத்தி விடுவிக்கின்றனரே, அவ்வளவறிதலே போற்றத்தக்கது. பட்டு நூல் வேண்டுமெனில் கூட்டோடு புழுவை வெந்நீரில் இடுதல் வேண்டும். காஞ்சியில் பிறந்த நாம் இதனை மறைத்தல் இயலாது. நஞ்சு வேண்டுமெனிலோ பாம்பு உயிரோடு இருத்தல் வேண்டும்.

நஞ்சு மருந்தாதல்

எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாக மருந்து நிலையங்களுக்குச் செல்கின்றது. அங்கு அதனை மிகமிகச் சிறிய அளவில் குதிரையின் உடலுள் செலுத்துவர். அளவினைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வருவர். குதிரையின் குருதியில் அந்நஞ்சினை எதிர்க்கும் பொருள்கள் உண்டாகும். அக்குருதியில் ஒரு பகுதியை எடுத்து, அப்பொருள்களைப் பிரித்துத் தூய்மை செய்தால் அதுவே பாம்பு நஞ்சு முறிமருந்து. இம்முறைக்கு அடிகோலியவர் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் என்பார், காலம் 1890களாகும். நம் நாட்டில் செய்யப்படும் முறிமருந்து மேற்கூறிய நால்வகைப் பாம்பின் நஞ்சினையும் ஒருங்கே முறிப்பது. ஆதலின், கடித்த பாம்பு எது என்று அறியாவிடினும் மருத்துவர் இம்மருந்தினை அளித்தல் கூடும்.

இம்மருந்தின் தேவை எத்துணைப் பெரிது என்பதை ஓர் எண்ணிக்கை உணர்த்தும். 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். ஆண்டிற்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 15 வயதிற்கு உட்பட்ட சிறார். இறந்தோர் பெரும்பாலும் சிற்றூரினர். வயலில் வெறுங்காலோடு உழைப்பவரும், தரையில் படுத்து உறங்குபவரும் ஆவர். உலக நல நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2030க்குள் இவ்விறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசும் 2024ஆம் ஆண்டில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று ஆணையிட்டது.

மருந்து இருந்தும் உயிர் போவது ஏன்? காலம் தாழ்த்துவதே முதற்காரணம். கடிவாயைக் கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், மந்திரிப்பாரைத் தேடி ஓடுதல் ஆகிய இவையெல்லாம் தீங்கினையே தரும். கடிபட்டவரை அஞ்சாதிருக்கச் செய்து, கடிபட்ட உறுப்பினை அசையாமல் வைத்து, விரைந்து அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைக் கடிக்கும். பலபோது வலியும் வீக்கமும் தோன்றா. ஆதலின் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தலும், இரவில் விளக்கின்றி நடவாமையும் நல்ல காப்பாகும்.

புற்றிற்குப் பாலூற்றும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். பாம்பிற்குப் பால் உணவன்று; எலியும் தவளையுமே அதன் உணவு. புற்றும் அது கட்டியதன்று, கறையான் கட்டியது. வழிபடும் உள்ளம் நன்றே. ஆயின் நெல்லைத் தின்னும் எலியை ஒடுக்கி உழவனுக்கு உதவும் அவ்வுயிரைக் கண்டவிடத்தெல்லாம் அடித்துக் கொன்றுவிட்டு, கல்லில் வடித்த நாகத்திற்கு மட்டும் பாலூற்றுதல் பொருந்துவது அன்று.

குறையும் கடமையும்

இத்துறையில் செய்யவேண்டுவன இன்னும் பல உள. ஒரே இனப் பாம்பாயினும், நிலத்திற்கு நிலம் அதன் நஞ்சின் தன்மை வேறுபடுகின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தொண்டைநாட்டுக் கண்ணாடிவிரியனின் நஞ்சால் ஆன மருந்து, பஞ்சாபிலும் இராசத்தானத்திலும் உள்ள பாம்பின் நஞ்சினை அதே அளவு முறிக்கும் என்று கொள்ளுதல் இயலாது. நாட்டிற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலம் இச்சங்கமே அளித்து வந்தது. அது அதன் பெருமையே. ஆயினும் பிற மாநிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றினால்தான் அந்தந்த நிலத்து மக்களுக்கு ஏற்ற மருந்து கிடைக்கும்.

இருளர்தம் அறிவு நூல்களில் எழுதப்பட்டதன்று. தந்தை மகற்குப் புதரிலும் வரப்பிலும் உடன்நடந்து கற்பித்தது. இதன் சிறப்பினைப் பிறநாட்டாரும் அறிந்துள்ளனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்போர் வெளியே விட்ட பருமா நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அந்நிலத்துச் சிறுவிலங்குகளை அழித்து வந்தன. 2017ஆம் ஆண்டில் அங்கு அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர், இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட வழிசெய்தனர். மொழியும் நிலமும் புதியவை. பாம்பின் இயல்போ அவர்களுக்குப் பழகியது. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. பட்டம் பெற்றவர் இருவர். அதற்கு உரியவரோ அக்குடியினர் அனைவரும். அவர்களின் மக்கள் உங்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றல் வேண்டும். அதே வேளையில் தம் முன்னோர் அறிவினை நாணத்தோடன்றிப் பெருமையோடு கூறும் நிலையும் வருதல் வேண்டும்.

மாணவர்களே! தவளை வளர்ப்போரும் இருளரும் வேறு வேறு நிலத்தவர். ஒருவரை ஒருவர் அறியாதவர். எனினும் இருவரும் நமக்குக் கூறுவது ஒன்றே. ஓர் உயிரைப் பேண விரும்புவோர் முதலில் அதன் இயல்பினை அறிதல் வேண்டும். அதன் உணவு, உறையுள், அச்சம் ஆகியவற்றை உணர்தல் வேண்டும். அதனிடம் கொள்வதற்கு ஓர் அளவு வேண்டும். பின்னர் அது மீளுவதற்கு ஒரு காடும் வேண்டும். நம் ஊர் ஏரியும், அதன் கரைப்புதரும், அங்கு மழைநாளில் கூவும் தவளையும், அதனை நாடிவரும் பாம்பும் இப்பேணுதலுக்குப் புறம்பானவை அல்ல. அவ்வேரியைத் தூர்க்காமலும், கண்ட பாம்பினைக் கல்லெறிந்து கொல்லாமலும், அதனைப் பிடித்து அகற்றத் தெரிந்தவர்க்குச் சொல்லி அனுப்பியும் வாழ்வோமாயின், நாமும் நச்சுயிர் ஓம்பும் அறத்தில் ஒரு பங்கு கொண்டவர் ஆவோம்.